படத்துல வர்ற மறதி வேற, எங்க அப்பாவுக்கு வந்திருக்குறது வேறயா?

தாம்வே_மக:
எல்லாருக்கும் வணக்கம், பர்மாவுல யாங்கூன்ல இருந்து எழுதறேன். அப்பாவுக்கு 77 வயசு, டாக்டர் டிமென்ஷியான்னு, அதாவது மறதி நோய்னு சொல்லிட்டாரு. பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் படத்துல பாத்தத வச்சே பேசறாங்க. வந்து உக்காந்ததும் "மாமா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்"னு ஆரம்பிச்சிடறாங்க, அவரு முழிக்கிறாரு, மூஞ்சியே சுருங்கிப் போயிடுது. இப்ப சித்தப்பா ஒருத்தரு, மொகல் ஸ்ட்ரீட்ல தாத்தா கடை இருந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போயி திடீர்னு காட்டுனா அந்த அதிர்ச்சியில எல்லாம் திரும்பி வந்துடும்ங்கறாரு.

ஆனா அப்பா தன் பேரயோ ஊரயோ மறக்கவே இல்ல. 1964ல 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சப்ப தாத்தா கல்லாப்பெட்டிய தொறந்து வச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருந்தத நேத்து நடந்த மாதிரி சொல்றாரு, பெரியப்பா மெட்ராஸ் கப்பல் ஏறுனதயும் சொல்றாரு. காலைல சாப்ட்ட மொஹிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) மட்டும் ஞாபகம் இல்ல, கிண்ணத்த கழுவி வைக்கிறதுக்குள்ள "இன்னும் எனக்கு ஒண்ணும் தரலயேம்மா"ங்கறாரு. இந்த மாதிரி மறதிய நான் எந்தப் படத்துலயும் பாத்ததில்லயே. சித்தப்பா சொல்றத செய்யலாமா?

மோல்மேன்_அக்கா:
தங்கச்சி, நான் நர்ஸா இருந்தவ. அதிர்ச்சி வைத்தியம் எல்லாம் தயவுசெஞ்சு வேணாம். அப்பாவுக்கு இருக்குறதுதான் நிஜத்துல நாங்க நிறைய பாக்குறது. புதுசா நடக்குறத மூளை பதிய வைக்கிறதே இல்ல, பழசு ரொம்ப நாளைக்கு அப்படியே நிக்கும். ரிபோன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1881லயே இத எழுதி வச்சிட்டாரு, கடைசியா வந்த ஞாபகம்தான் முதல்ல போகும்னு. காலைல சாப்ட்டது உள்ள பதியவே இல்லன்னா எந்த அதிர்ச்சி குடுத்து எத வெளிய எடுக்குறது? கூட்டத்துல, தெரியாத தெருவுல கொண்டு போயி நிறுத்துனா பயந்துதான் போவாரு.

"நான் யாரு சொல்லுங்க"ன்னு பரீட்சை வைக்கிறத முதல்ல நிறுத்தச் சொல்லும்மா. வர்றவங்க "மாமா, நான் உங்க தங்கச்சி மகன் வந்திருக்கேன்"னு அவங்களே சொல்லிட்டு உக்காரட்டும்.

பாகோ_சினிமா:
அக்கா சொல்றது சரி. நான் படம் பாக்குறவன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். மூன்றாம் பிறை (1982) எனக்கு உயிரு, ஆனா விபத்துல அடிபட்டு ஒரு பொண்ணு சின்னப் பிள்ளையாவே மாறிடறதும், வைத்தியத்துல பழசு முழுசா வந்து நடுவுல இருந்த காலம் மட்டும் துடைச்ச மாதிரி போயிடறதும் கதைக்காக செஞ்சது. கஜினிய (2005) எல்லாரும் கிண்டல் பண்றாங்க, அதுல பாதி நிஜம் இருக்கு. ஹென்ரி மொலேசன்னு ஒரு அமெரிக்கருக்கு 1953ல வலிப்பு நிக்கணும்னு மூளையில ரெண்டு பக்கமும், புது ஞாபகத்த பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதிய வெட்டி எடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் 2008ல சாகுற வரைக்கும் புதுசா சந்திச்ச ஆள மனசுல நிறுத்த முடியல, தான் யாருங்கறதும் சின்ன வயசும் மறக்கல. ஆனா கஜினில வர்ற மாதிரி பதினஞ்சு நிமிஷம்னு கடிகாரம் வச்ச மாதிரி எல்லாம் இல்ல, கவனம் வேற பக்கம் திரும்புனா அவ்வளவுதான், போயிடும். இன்னொன்னு, கண்ணாடியில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையச் சொல்லி பழக்குனாங்க, பழகுனதே ஞாபகம் இல்லாம அவரு கை மட்டும் நாளுக்கு நாள் நல்லா வரைஞ்சுது. இத எந்த டைரக்டரும் எடுக்கலயேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் (2012) கிட்டத்தட்ட நிஜம், அந்தப் படத்தோட கேமராமேனுக்கே நடந்தது அது. கேட்ட கேள்வியவே திரும்பத் திரும்பக் கேக்குறது, கடைசியா நடந்தது மட்டும் காணாமப் போயி அப்புறம் திரும்புறது, தலையில அடிபட்டவங்களுக்கு அப்படி வர்றதுண்டு. 2004ல சாலி பேக்ஸெண்டேல்ங்கற லண்டன் நிபுணர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல சினிமா மறதிய பத்தி எழுதுனப்ப, நல்லா காட்டியிருக்குன்னு பாராட்டுன கொஞ்சம் பேர்ல ஃபைண்டிங் நீமோல வர்ற அந்த நீல மீனும் ஒண்ணு.

தாம்வே_மக:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இன்னொன்னு கேக்கணும். சாயங்காலம் இருட்ட ஆரம்பிச்சா லுங்கி, துண்டு எல்லாம் மடிச்சு பையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு, "கப்பல்துறைக்குப் போவணும், அண்ணன் கப்பல் கெளம்பிடும்"ங்கறாரு. பெரியப்பா செத்து வருஷக்கணக்காச்சு. உண்மைய சொல்றதா, வேணாமா? பேத்தி பர்மீஸ்ல பேசுனா இப்ப தமிழ்லயே பதில் சொல்றாரு, அவளுக்கு அது பாதி புரியல, அழறா.

மோல்மேன்_அக்கா:
சாயங்காலத்துல தடுமாறுறது இதுல சகஜம். செத்துட்டாருன்னு சொல்லாதம்மா, கொஞ்ச நேரத்துல மறந்துட்டு மறுபடி கேப்பாரு, நீ ஒவ்வொரு தடவையும் சொல்ல ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புது சாவு. பெரியப்பா எப்படி இருப்பாரு, என்ன சட்டை போட்டிருந்தாருன்னு கேளு, பேசிக்கிட்டே உள்ள கூட்டிட்டு வந்து டீ குடு, வெளக்க சீக்கிரமே போட்டுடு. சின்ன வயசுல பேசுன பாஷைக்குத் திரும்புறதும் உண்டு, பேத்திக்கு நாலு தமிழ் வார்த்தை சொல்லிக் குடு, இல்லன்னா சும்மா கைய புடிச்சுக்கிட்டு பக்கத்துல உக்காரட்டும்.

வைட்டமின் பி12, தைராய்டு ரத்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு டாக்டர்ட்ட கேளு, அந்தக் கொறையாலயும் மறதி வரும், மருந்துல சரியாகக் கூடியது. ரெண்டே நாள்ல திடீர்னு மோசமானா மூத்திரத்துல கிருமி இருக்கான்னு பாக்கணும். படத்துல தலையில இன்னொரு அடி விழுந்தா ஞாபகம் வந்துடும், நிஜத்துல வயசானவங்க லேசா விழுந்தாலே மூளைக்கு மேல ரத்தம் மெதுவா கசிஞ்சு சில வாரம் கழிச்சுதான் கொழப்பமா வெளிய தெரியும். சமீபத்துல பாத்ரூம்ல கீத்ரூம்ல விழுந்தாரா? விழுந்திருந்தா ஸ்கேன் எடுக்கச் சொல்லு, தள்ளிப் போடாத.