கட்டுல்லுஸின் காதல் கவிதைகளை வைத்து இலத்தீன் பழகுவது: அனுபவப் பகிர்வு

வினைத்திரிபு ஓரளவு பழகியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது, பண்டைய ரோமானியக் கவிஞர் கட்டுல்லுஸின் 85-ஆம் கவிதை. மொத்தமே இரண்டடி, 14 சொல்:

ஓடி எட் அமோ. க்வாரே இட் ஃபகியாம், ஃபோர்டாஸ்ஸெ ரெக்வீரிஸ்.
நெஸ்கியோ, செட் ஃபியெரி சென்டியோ எட் எக்ஸ்க்ருகியோர்.

பொருள்: ‘வெறுக்கிறேன், காதலிக்கிறேன். ஏன் செய்கிறேன் என்று ஒருவேளை கேட்பாய். தெரியவில்லை, ஆனால் அது நேர்வதை உணர்கிறேன், வதைபடுகிறேன்.’ கவிதையில் எட்டு வினை. பெயரடை ஒன்றுகூட இல்லை. வேற்றுமைத் தொல்லை இல்லாமல் வினையோடு மட்டும் மல்லுக்கட்டலாம். அகராதியைத் திறக்குமுன் எட்டுக்கும் காலம், இடம், செய்வினையா செயப்பாட்டுவினையா என்று எழுதிவிடுங்கள். ‘ஓடி’ (வெறுக்கிறேன்) பார்வைக்கு இறந்தகாலம், பொருளோ நிகழ்காலம். ‘வெறுத்தேன்’ என்று எழுதினால் கவிதையே போச்சு. ‘ஃபகியாம்’ எதிர்காலத்துக்கும் சப்ஜங்டிவுக்கும் (விருப்பம், அழைப்பு, உள்ளடங்கிய கேள்வி போன்றவற்றில் வரும் வினைவடிவம்) பொதுவான வடிவம். இங்கே அந்தக் கேள்வி ‘ரெக்வீரிஸ்’ என்ற வினைக்குள் அடங்கியிருப்பதால் சப்ஜங்டிவ்: ‘ஏன் செய்கிறேன் என்று கேட்பாய்’.

* * *

‘ஃபியெரி’யையும் (நேர்தல்) சேர்த்துக்கொள்ளுங்கள். ‘ஃபகியோ’வுக்குச் (செய்கிறேன்) செயப்பாட்டுவினையாக நிற்பது அதுதான். முதலடியில் கவிதை சொல்பவன் செய்கிறான். இரண்டாமடியில் அது அவனுக்கு நேர்கிறது. ‘ஏன் அப்படி? தெரியவில்லை’ என்று சுருக்கினால் இந்த மாற்றம் காணாமல் போகும்.

* * *

அடுத்து 5-ஆம் கவிதை. அதன் தொடக்கத்தில் வரும் ‘வீவாமுஸ்’ (வாழ்வோமாக), ‘அமேமுஸ்’ (காதலிப்போமாக) இரண்டும் சப்ஜங்டிவ்தான். ‘அமோ’ முதல் வகை வினை, அதனால் ஆ போய் ஏ வந்திருக்கிறது. தமிழில் எழுதும்போது கவனம்: எதிர்காலமான ‘வீவேமுஸ்’ கூட நமக்கு ‘வாழ்வோம்’தான். பிழை ஒளிந்துகொள்ளும். ஆகவே ஓரத்தில் வடிவத்தின் பெயரையும் குறித்து வையுங்கள்.

* * *

அதிலேயே ‘ஸோலேஸ் ஒக்கிடெரெ எட் ரெடீரெ பொஸ்ஸுன்ட்’ (சூரியன்கள் மறைந்து மீண்டும் வர முடியும்) என்ற அடியை அசை பிரிக்காமல் தாண்டாதீர்கள். அகராதியில் ‘ஒக்கிடோ’ இரண்டு உண்டு: ‘கி’ குறிலானால் மறைதல், நெடிலானால் கொல்லுதல். அடிக்கு 11 அசை, நான்காவதும் ஐந்தாவதும் குறிலாகவே வரும்.

ஸோ-லேஸ்-ஒக்-கி-டெ-ரெட்-ரெ-டீ-ரெ-பொஸ்-ஸுன்ட்

‘கி’ நான்காவது. சூரியன்கள் மறைகின்றன, யாரையும் கொல்லவில்லை! ‘-ரெ எட்’ ஒட்டி ‘ரெட்’ ஆவதை மறந்தால் 12 அசை வந்து கணக்கு உதைக்கும்.

* * *

உண்மையில் முரண்டு பிடிப்பது அதற்கடுத்த இரண்டடி. ‘நோபீஸ்’ (நமக்கு) தொடக்கத்திலேயே வந்துவிடும். அதை முடிக்கும் ‘டோர்மியெண்டா’ (உறங்கிக் கழிக்க வேண்டியது) அடுத்த அடியின் கடைசிச் சொல். ‘டோர்மியெண்டா’ பெண்பால், ‘நொக்ஸ்’ (இரவு) உடன் பொருந்துகிறது. ‘நோபீஸ்’ கு-வேற்றுமையில் நின்றாலும் உறங்குவது நாம்தான்: ‘நாம் உறங்கியாக வேண்டியது முடிவில்லாத ஒரே இரவு’.

அடுத்து, ஆயிரம் முத்தம், பிறகு நூறு என்று கேட்கும் முத்த வரிகள் சுலபம். ‘மி’ என்பது ‘மிஹி’யின் (எனக்கு) சுருக்கம், ‘மில்லெ’ (ஆயிரம்) திரியாது. மூன்று முறை ஆயிரமும் நூறுமாகக் கூட்டினால் 3,300 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு ‘டெயின்டெ’யை (பிறகு) தாண்டிவிட்டீர்கள்.