வளரும் பிள்ளைக்கு ஹெல்மெட்டைப் பெரிதாக வாங்கலாமா? ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்த கதைகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டை, ஒரு அப்பா:

யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் "ரெண்டு இஞ்சு சேர்த்து வைங்க, வளர்ற பிள்ளை" என்று சொல்லிப் பழகியவன் நான். 9 வயது மகளுக்கு ஸ்கேட்போர்டு வாங்கியபோது ஹெல்மெட்டுக்கும் முட்டிக் கவசத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிட்டேன்.

மாலை 6 மணிக்கு மேல் பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அங்கேதான் பழகுவாள். காந்தி சிலையைத் தாண்டிப் போகும்போது சக்கரத்தில் ஒரு சின்னக் கல் சிக்கியது. பலகை நின்றுவிட்டது, பிள்ளை பறந்தாள். ஹெல்மெட் பின்னால் நழுவித் தரையில் இடித்துப் பிடரியில் தொங்கியது. நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு. முட்டிக் கவசம் இரண்டும் கணுக்காலில் கிடந்தன. சுண்டல் விற்கும் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, "தொப்பி பெருசா இருக்கேப்பா" என்றார். விற்ற கடைக்காரர் அதைச் சொல்லவில்லை.

மறுநாள்தான் இஞ்சு டேப்பை எடுத்தேன். புருவத்துக்கு ஒரு இஞ்சு மேலே, தலையைச் சுற்றி 52 செ.மீ. நான் வாங்கியிருந்ததோ 56 முதல் 58 வரையானது. உள்ளே இருக்கும் பஞ்சை மாற்றி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட முடியாது. புதிதாக வாங்கும்போது, வாரைப் போடாமலே தலையை ஆட்டச் சொன்னேன். ஹெல்மெட்டோடு நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுழன்றால் அது பெரிது. முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும், அதற்கு மேல் ஏறினால் நெற்றி வெளியே தெரியும். வாரை மாட்டியபின் வாயை "ஆ"வென்று திறந்தால் ஹெல்மெட் உச்சந்தலையை அழுத்த வேண்டும்.

அப்புறம், கொண்டை! முதல் தடவை அளவு பார்த்தபோது மகள் கொண்டை போட்டிருந்தாள். அது ஹெல்மெட்டை மேலே தூக்கிவிடுகிறது. இப்போது பின்னலைத் தாழ்த்திப் போட்டுக்கொள்கிறாள், பூவெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகுதான்.

கடலூர் தேவனாம்பட்டினம், கல்லூரி மாணவன்:

நான் சிக்கனம் பார்த்து மாட்டிக்கொண்டவன். வாலிபால் ஆடும்போது முட்டியில் போட்ட துணி 'நீ கேப்' வீட்டில் இருந்தது, போதும் என்று நினைத்தேன். மரத்தரையில் வழுக்கும் துணி சிமெண்டில் வழுக்காது, பிடித்துக்கொள்ளும். விழுந்தபோது முட்டி அங்கேயே நிற்க உடம்பு முன்னால் போய், உள்ளங்கை இரண்டும் தேய்ந்தன. கெட்டிப் பிளாஸ்டிக் மூடி வைத்த கவசம் சறுக்கிக்கொண்டே போகும், அடி பரவிவிடும்.

கடையில் நின்றபடி மாட்டிப் பார்த்தால் எல்லாமே பொருந்துவதுபோல்தான் இருக்கும். முட்டியை மடக்கும்போது சில்லு அந்த மூடியின் நடுவில் உட்கார வேண்டும். அதனால் நான் நாலு தோப்புக்கரணம் போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் சிரிக்கிறார், சிரிக்கட்டும். நம்ம ஊர் வியர்வைக்கு அரை மணியில் வார் தளர்ந்துவிடும், நடுவில் ஒருமுறை இறுக்க வேண்டும். சில்வர் பீச் மணல் வெல்க்ரோவில் புகுந்தால் பிடிப்பே போய்விடும். பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:

என் மணிக்கட்டு உடைந்த அன்று ரிஸ்ட் கார்டு, அதாவது மணிக்கட்டுக் கவசம், என் பையில்தான் இருந்தது. ஆண்களுக்கான மீடியம் அளவு. உள்ளங்கைப் பட்டை விரல் அடி வரைக்கும் வந்து, கையை மூடவே விடாது. எரிச்சலில் கழற்றிவிட்டேன். விழும்போது கை தானாக முன்னால் ஊன்றும், யாரும் யோசித்து ஊன்றுவதில்லை. 6 வாரம் மாவுக்கட்டு. இப்போது இருப்பது ஸ்மால், முஷ்டி பிடிக்க முடிகிறது. பட்டை உள்ளங்கைப் பக்கம்தான் வர வேண்டும். தலைகீழாக மாட்டியிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பம், ஒரு அம்மா:

என் பையனுக்கு அவன் அப்பாவின் பைக் ஹெல்மெட்டையே போட்டுவிடலாமா? அதுவும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதுதானே?

முத்தியால்பேட்டை அப்பா:

வேண்டாங்க. அது இருசக்கர வண்டிக்கான தரம். பிள்ளைக் கழுத்துக்குப் பாரம், காதும் சரியாகக் கேட்காது, அளவும் அப்பாவுடையது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் 'இ.என். 1078' (EN 1078) அல்லது 'ஏ.எஸ்.டி.எம். எஃப் 1492' (ASTM F1492) என்று ஸ்கேட்போர்டுக்கான தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பின்மண்டையும் மூடியிருக்கட்டும்.

எங்கள் பழைய ஹெல்மெட்டை, "ரெண்டு வருஷம் கழிச்சு ஆகும்" என்று என் அம்மா பரணில் ஏற்றப் பார்த்தார். பஞ்சைப் பிரித்தால் உள்ளே தெர்மகோலில் மயிரிழை விரிசல். அந்த ரகம் ஒரு பலமான அடியோடு சரி. வாரை அறுத்துவிட்டுத்தான் குப்பையில் போட்டேன். இல்லாவிட்டால் சண்டே மார்க்கெட்டுக்கு வந்து இன்னொரு பிள்ளை தலையில் ஏறிவிடும்.