நேட்டால் ஃபைல் பாத்த கதை, உங்களுக்கும் இப்படி ஏதாவது சிக்கியிருக்கா?

போன வருஷம் பொண்ணு வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். கோட்டையில கிளார்க்கா சேந்து செக்‌ஷன் ஆபீசரா ரிடையர் ஆனவன், ரெண்டு மாசம் ஃபைல் வாசமே இல்லாம இருக்க முடியல, ஒரு நாள் கியூவுல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறிட்டேன். பேனா உள்ள கூடாது, பென்சில் மட்டும்தான், ஆனா போன்ல போட்டோ எடுத்துக்கலாம். நான் கேட்டது சிஓ 179னு ஒரு வரிசை. தென்னாப்பிரிக்காவுல நேட்டால் காலனி கவர்னர் லண்டன் காலனி ஆபீசுக்கு எழுதின கடிதமெல்லாம் அதுலதான் இருக்கு.

தடியா பைண்ட் பண்ண தொகுதி. திறந்த உடனே சிரிப்பு வந்துடுச்சு, அப்படியே நம்ம நோட் ஃபைல்! வந்த தபாலுக்கு ஒரு நம்பர், தேதி, ஒரு வரில பொருள், கூடவே குறிப்பு. கீழ இருக்கற கிளார்க் மொதல்ல எழுதுவார், அவருக்கு மேல இருக்கறவர் நாலு வரி சேப்பார், அதுக்கும் மேல இருக்கறவர் இனிஷியலோட சரி, பெரிய விஷயம்னா மந்திரி வரைக்கும் போகும். பதில் டிராஃப்ட்ல அடிச்சுத் திருத்தினது தனி. ஃபேர் காப்பில இது எதுவும் தெரியாது, "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்"னு முடிஞ்சிருக்கும். நாங்க ந.க. எண் போட்டு அனுப்பின கடிதமும் அப்படித்தான், உள்ள நடந்த சண்டை வெளிய வராது.

விஷயத்துக்கு வரேன். 1893ல நேட்டாலுக்குப் பொறுப்பாட்சி கிடைச்சுது, அதாவது சொந்த மந்திரிசபை. அடுத்த வருஷமே இந்தியர்களுக்கு ஓட்டு கிடையாதுன்னு மசோதா போட்டாங்க. ஓட்டு இருந்த இந்தியர் மொத்தமே சுமார் 250 பேர்! ஆனா வெள்ளையர் அல்லாதவங்களைப் பாதிக்கற சட்டத்துக்கு கவர்னர் தானா ஒப்புதல் கொடுக்க முடியாது, ராணி சம்மதத்துக்குன்னு நிறுத்தி வெச்சு லண்டனுக்கு அனுப்பணும். அங்க காலனி மந்திரி யாருன்னா நம்ம ரிப்பன் பிரபு. சென்னை கார்ப்பரேஷன் ரிப்பன் மாளிகைனு தினமும் சொல்றோமே, அதே ஆள்தான், அதுக்கு முன்னாடி இங்க வைஸ்ராய். 24 வயசு காந்தி பத்தாயிரம் கையெழுத்தோட மனு அனுப்பினது அவருக்குத்தான்.

ரிப்பன் சம்மதம் கொடுக்கல. 1895ல அவர் போயி சேம்பர்லின் வந்தார், அவரும் அந்த ரூபத்துல ஒத்துக்கல. ஆட்சேபணை எதுக்குன்னு பாருங்க, ஆசியாக்காரன்னு இனத்தைப் பேர் சொல்லி ஒதுக்கினா இந்தியாவுல ராணியோட பிரஜைகள் என்ன நினைப்பாங்கன்னு. சரின்னு நேட்டால்காரன் 1896ல வேற வாசகம் எழுதினான், பார்லிமென்ட் ஓட்டுமுறையில தேர்தல் நடக்கற சபை இதுவரைக்கும் இல்லாத நாட்டுலேந்து வந்தவங்களுக்கு ஓட்டு இல்லன்னு. இந்தியான்னு ஒரு வார்த்தை கிடையாது. லண்டன் சம்மதிச்சுடுச்சு. அடைபட்டது அதே ஜனங்கதான்! "வாசகத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கவும்"னு நானே எத்தனை ஃபைல் திருப்பியிருக்கேன், அதைப் படிச்சிட்டு மத்தியானம் கேன்டீன்ல சாப்பாடே எறங்கல.

1897ல குடியேற்றச் சட்டமும் அதே டெக்னிக். ஐரோப்பிய மொழி ஒண்ணுல விண்ணப்பம் எழுதத் தெரியணும், அவ்வளவுதான், இனம் பத்திப் பேச்சே இல்ல. அந்த வருஷம் ராணியோட வைரவிழாவுக்கு வந்த காலனி பிரதமர்கள் கிட்ட சேம்பர்லின் இந்த நேட்டால் வழியை சிபாரிசே பண்ணார். ஆஸ்திரேலியா 1901ல எடுத்துக்கிட்டுது, 50 வார்த்தை டிக்டேஷன், எந்த ஐரோப்பிய மொழின்னு அதிகாரி முடிவு பண்ணுவார்.

உங்க அனுபவம் சொல்லுங்க.

-----

சார், நான் லண்டன் எல்லாம் போகல, பிஎச்டிக்காகப் பழைய பிரிட்டிஷ் பார்லிமென்ட் புளூ புக் (அரசாங்கக் கடிதம், தந்தியெல்லாம் அச்சடிச்ச அறிக்கை) ஸ்கேன் படிச்சவ. அதே நேட்டால், 1906, தலைவரி போட்டாங்கன்னு ஜூலு மக்கள் எதிர்த்த வருஷம். ரெண்டு போலீஸ்காரங்க கொல்லப்பட்டதுக்கு ராணுவ கோர்ட் 12 பேருக்கு மரண தண்டனை கொடுத்துடுச்சு. மார்ச் கடைசில லண்டன்லேந்து அப்போ காலனி மந்திரியா இருந்த எல்ஜின் பிரபு கவர்னர் மக்கல்லமுக்குத் தந்தி, விவரம் தெரியற வரைக்கும் தண்டனையை நிறுத்தி வைங்கன்னு. நேட்டால் மந்திரிசபை கூண்டோட ராஜினாமா! எங்க விஷயத்துல நீ யாருங்கறாங்க. ஆஸ்திரேலியா வேற இதுக்கு சம்பந்தமே இல்லாம நேட்டால் பக்கம் நின்னு எதிர்ப்பு தெரிவிக்குது. லண்டன் பின்வாங்கிடுச்சு, பொறுப்பாட்சி இருக்கற காலனில தலையிடற எண்ணமே இல்லன்னு பதில். ஏப்ரல் 2ஆம் தேதி 12 பேரையும் ரிச்மண்ட் பக்கத்துல சுட்டுட்டாங்க. அந்தத் தந்திகளை வரிசையா படிக்கும்போது என்ன ஆகும்னா, அடுத்த பக்கத்துல யாராவது காப்பாத்திடுவாங்கன்னு தோணும், முடிவு தெரிஞ்சிருந்தும் தோணும். மறுநாள் வரைக்கும் அந்த ஃபைல நான் தொடல.

-----

நான் அதே நேட்டால்ல இருக்கற டர்பன்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தேன். கூட வேலை செஞ்ச தமிழ்க் குடும்பத்து அக்கா அவங்க கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் லிஸ்ட்ல தேட என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. ஒப்பந்தக் கூலிகளோட மெட்ராஸ்லேந்து மொதக் கப்பல் ட்ரூரோ 1860 நவம்பர் 16 வந்துது, 1911 வரைக்கும் மொத்தம் ஒன்றரை லட்சம் பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், அப்பா பேர், வயசு, சாதி, ஊரு, உடம்புல என்ன தழும்புங்கறது வரைக்கும் இருக்கு. தாத்தா பேரை எழுதியிருந்த விதத்துல அக்காவுக்கே அடையாளம் தெரியல, தழும்பை வெச்சுதான் கண்டுபுடிச்சோம்.

ஒப்பந்தம் முடிஞ்சும் ஊர் திரும்பாதவங்களுக்கு 1895ல 3 பவுன் வரி. நேட்டால் கேட்டது 25 பவுனாம், இந்தியாவுல வைஸ்ராய் 3க்கு ஒத்துக்கிட்டாராம். 13 வயசுப் பொண்ணுக்கும் அந்த வரி உண்டு.

-----

தம்பி, அந்த வைஸ்ராய் யாரு தெரியுமா, மேல அம்மா சொன்ன அதே எல்ஜின்தான்! இங்கேந்து போயி 1905ல காலனி மந்திரி ஆயிட்டார். 1906ல பக்கத்துக் காலனி டிரான்ஸ்வால்ல இந்தியர்கள் கைரேகை வெச்சுப் பதிவு பண்ணணும்ங்கற சட்டத்தை எதிர்த்து காந்தி லண்டன் போய்ப் பாத்ததும் அவரைத்தான். அந்தச் சட்டத்தை எல்ஜின் நிறுத்தினார், காந்தி கோஷ்டிக்கு சந்தோஷம். 1907 ஜனவரி 1ஆம் தேதி டிரான்ஸ்வாலுக்கும் பொறுப்பாட்சி, மார்ச்சுலயே அச்சு அசலா அதே சட்டத்தை மறுபடி போட்டாங்க, இந்தத் தடவை லண்டன் சம்மதம் கொடுத்துடுச்சு. நம்ம பாஷையில சொன்னா ஃபைல் க்ளோஸ்.

3 பவுன் வரி 1914 வரைக்கும் இருந்துது, 1913ல ஸ்ட்ரைக் பண்ணி ஜெயிலுக்குப் போயித்தான் எடுக்க வெச்சாங்க, தில்லையாடி வள்ளியம்மை செத்ததும் அந்தப் போராட்டத்துலதான், 16 வயசு. அடுத்த தடவை பொண்ணு வீட்டுக்குப் போனா அந்த வருஷத்து ஃபைல் கேக்கணும்னு இருக்கேன். அம்மா, அந்த 12 பேர் சம்பந்தமான குறிப்புல யார் என்ன எழுதியிருக்காங்கன்னும் பாத்து போட்டோ எடுத்துட்டு வரேன், புளூ புக்ல அதை அச்சடிச்சிருக்க மாட்டாங்க.