பூச்சு பூச முதல் 5.1 ஸ்பீக்கர் வயர் இழுக்கணும்: எந்த இடம், எந்த வயர்?

பாண்டிருப்பு_கரை:

வணக்கம். ஹோலுக்கு இன்னும் பூச்சு பூசல்ல. மேசன் அடுத்த கிழமை வாறார், அதுக்குள்ள ஸ்பீக்கர் வயருக்குப் பைப் புதைச்சு முடிக்கணும்.

ஹோல் 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். டிவி வரப்போறது 12 அடிச் சுவரில். டிவியைப் பார்த்து இருந்தால் வலது கைப் பக்கம் குசினிக்குப் போற 4 அடி வாசல், கதவு இல்லை. பின்சுவரிலிருந்து 3 அடி தள்ளித் தொடங்குது. இடப்பக்கம் இரண்டு யன்னல். நிலம் முழுக்க டைல்ஸ். செற்றியைப் பின்சுவரோட ஒட்டிப் போடுறதா வீட்டில பேச்சு.

சாமான்: 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் குடுக்கிற பெட்டி), முன்னுக்கு 8 ஓம் பெட்டி ஸ்பீக்கர் இரண்டு, சென்டர் ஒன்று, பின்னுக்கு 6 ஓம் சின்ன ஸ்பீக்கர் இரண்டு (3 அங்குலக் கோன்), தனிப் பிளக் உள்ள சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கு மட்டுமான பெரிய பெட்டி).

எலக்ட்ரீசியன் சொல்றார், லைட் வயர் போற பைப்புக்குள்ளயே இதையும் விட்டுடலாமாம். கடையில 0.5 சதுர மில்லிமீற்றர் சிவப்பு-கறுப்பு வயர் காணும் எண்டாங்க. முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் வயர் ஒரே நீளமா இருக்கணும் எண்டும் ஒருத்தர் சொன்னார். எது சரி? வீடு கடலுக்குக் கிட்ட, அதையும் கவனிச்சுச் சொல்லுங்க.


வாவி_ஓசை:

தம்பி, வயரை விடுங்க, முதல்ல செற்றியைப் பேசுவம். எல்லா அளவும் இருக்கிறவரின் காதிலிருந்துதான் தொடங்குது. பின்சுவரோட செற்றியை ஒட்டினால் இரண்டு கேடு. ஒன்று, சுவரோரம் பேஸ் குவியும். அங்க இருந்து கேட்டால் எல்லாப் படமும் 'தொம் தொம்' எண்டு ஒரே சத்தம். மற்றது, பின் ஸ்பீக்கருக்குப் பின்னுக்குப் போக இடமே இருக்காது.

செற்றியின் முதுகைச் சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னுக்கு இழுங்க. அப்ப தலை ஏறக்குறைய மூன்றரை அடியில் வரும், டிவிச் சுவரிலிருந்து 12½ அடி. முன் ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிற்கட்டும். பெட்டியின் பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் அந்த இடைவெளி கட்டாயம். மிச்சம் 11 அடி. டிவியின் நடுக்கோட்டிலிருந்து இடம் 4½ அடி, வலம் 4½ அடி வைத்தால் காதுக்கு 22 பாகைக் கோணம் கிடைக்கும். 22க்கும் 30க்கும் இடையில் வைக்கச் சொல்றதுதான் வழமை. 30 பாகை வேணுமெண்டால் ஒவ்வொரு பக்கமும் 6 அடிக்கு மேல போகணும், உங்கட ஹோலின் அரை அகலமே 6 அடிதான். ஆகவே 22 பாகையோட நில்லுங்க. பக்கச் சுவருக்கு ஒன்றரை அடி மிஞ்சும், அது நல்லது. ட்வீட்டர் (கீச்சு ஒலி வாற சின்னக் கோன்) காது மட்டத்தில், அதாவது நிலத்திலிருந்து மூன்றேகால் அடியளவில்.

சென்டரை டிவிக்குக் கீழ வைத்தால் முகத்தைத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுவாங்க. உள்ள தள்ளி வைத்தால் தட்டில் பட்டுத் தெறிக்கிற ஒலியில் வசனம் மங்கும். முன்பக்கத்துக்கு அடியில் றப்பர்த் துண்டு ஒன்றைச் செருகி முகம் காதைப் பார்க்கிற மாதிரிச் சாய்த்து விடுங்க.

பின் ஸ்பீக்கர் எண்டு பேர் இருக்கிறதால பின்சுவரில் அடிக்கிறவங்கதான் கூட. 5.1 இல் அதுகள் பக்கத்து ஸ்பீக்கர்: நேர் முன்னை 0 பாகையாக எடுத்தால் 90க்கும் 110க்கும் இடையில், காதுக்குப் பக்கத்தில் அல்லது கொஞ்சம் பின்னுக்கு. உங்கட அளவுக்கு 110 பாகை எண்டால் தலையிலிருந்து 2 அடி பின்னுக்கு, அதாவது பின்சுவரிலிருந்து ஒன்றரை அடியில் பக்கச் சுவரில். வாசலுக்கும் பின்சுவருக்கும் இடையில 3 அடிச் சுவர் இருக்கெண்டீங்களே, வலது ஸ்பீக்கர் அதின் நடுவில் சரியா இருக்கும். இடப்பக்கம் அதே அளவு. உயரம் 5 அடி போதும். கூரைக்குக் கிட்ட ஏற்றினால் மழைச் சத்தம் தவிர மற்றதெல்லாம் பிசகும்.

சப்வூஃபருக்கு இப்பவே ஒரு இடத்தைத் தீர்க்க வேண்டாம். 16 அடி நீளத்துக்கு 35 ஹேர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56 எண்டு அறையே மூன்று சுரத்தை முழக்கும். எந்த மூலையில் அது குறையும் எண்டு வைத்துப் பார்க்காமல் தெரியாது. பிறகு செய்யிற சோதனை: சப்பைத் தூக்கிச் செற்றியில் வைத்து, பேஸ் ஒரே சீராகப் போற பாட்டு ஒன்றைப் போட்டு, முன்சுவர் ஓரமா முழங்காலில் ஊர்ந்து காது கொடுங்க. எங்க எல்லாச் சுரமும் சமமாக் கேட்குதோ, அங்க சப்பை வையுங்க. அதுக்காக இப்ப இரண்டு இடத்துக்குப் பைப் விடுங்க: முன் இடது மூலை ஒன்று, செற்றிக்குப் பக்கத்தில் ஒன்று. இரண்டு இடத்திலும் 13 அம்பியர் பிளக் பொயின்ற் வேணும். மறக்கிறது இதைத்தான்.


ஓமுக்கு_ஓம்:

செற்றி அளவு சரி. நான் வயரைச் சொல்றன்.

லைட் வயர் பைப்புக்குள்ள ஸ்பீக்கர் வயர் போடவே கூடாது. இரைச்சல் வரும் எண்டது சின்னக் காரணம். ஸ்பீக்கர் வயரின் உறை 230 வோல்ற்றுக்குச் செய்ததில்லை. எலி கடித்தோ, இழுக்கும்போது உரசியோ உறை போனால் மெயின் கரண்ட் ரிசீவரின் பின்பக்கத்துக்கும், பிள்ளைகள் கை வைக்கிற ஸ்பீக்கர் முனைக்கும் வரும். தனிப் பைப்தான். மெயின் பைப்புக்குப் பக்கத்தால ஓடினால் ஓரடி இடைவெளி விடுங்க. குறுக்கால தாண்ட வேண்டி வந்தால் நேர்செங்குத்தாகத் தாண்டுங்க.

ரிசீவர் டிவிக்குக் கீழ எண்டு வைத்து நீளம் பார்ப்பம். இடது பின் ஸ்பீக்கர்: மூலைக்கு 6 அடி, பக்கச் சுவரில் 14½ அடி, ஏற்றம் 5 அடி, இரண்டு முனைக்கும் மிச்சம், ஆக 30 அடி. வலது பக்கம் வாசல் நிலைக்கு மேலால ஏறி இறங்கணும், அதுக்கு 35 அடி. முன் இரண்டுக்கும் தலா 10, சென்டருக்கு 5. கூட்டினால் 90 அடி. 30 மீற்றர் வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

தடிப்பு. 35 அடி எண்டால் போகவர 21 மீற்றர் செம்பு. 0.5 வயரில் அது 0.73 ஓம், உங்கட 6 ஓம் ஸ்பீக்கருக்கு 12 வீதம். வழமையான எல்லை 5 வீதம், அதாவது 0.3 ஓம். 1.5 சதுர மில்லிமீற்றரில் 0.25 ஓம் வரும், போதும். அதுக்கு மேல காசு போடுறது உங்கட விருப்பம், காதுக்குத் தெரியாது.

ஆனா வாங்கும்போது ஒரு இழையை பிளேட்டால சுரண்டிப் பாருங்க. உள்ளுக்கும் சிவப்பெண்டால் செம்பு. மேல சிவப்பு, உள்ள வெள்ளை எண்டால் செம்பு பூசின அலுமினியம், அதே 1.5 இல் தடை 0.39 ஓமுக்கு ஏறிடும். அதுதான் கிடைக்குது எண்டால் 2.5 எடுங்க. மறுபக்கமா, மேல வெள்ளி நிறம், உள்ள சிவப்பெண்டால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசின செம்பு. கடலோரத்துக்கு அதுதான் இன்னும் நல்லது.

ஒரே நீள வயர் எண்ட கதையை விடுங்க. சத்தம் காற்றில் ஓரடி போக ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன் எடுக்கும். வயரில் சிக்னல் போற வேகத்துக்கு 5 அடி கூடக்குறைய இருக்கிறது கணக்கே இல்லை. நீளத்தைச் சமப்படுத்த மிச்ச வயரைச் சுருட்டிப் புதைக்கிறதுதான் வீண்செலவு.

பைப் 20 மில்லிமீற்றர் காணும். வளைவில் கூரான எல்போ போடாமல் நீள வளைவு போடுங்க, ஒவ்வொரு பைப்புக்குள்ளயும் நைலோன் நூல் ஒன்றை விட்டு வையுங்க. டிவிக்கும் ரிசீவருக்கும் இடையில் மட்டும் 40 மில்லிமீற்றர் பைப், ஏனெண்டால் எச்.டி.எம்.ஐ பிளக்கின் தலை சின்னப் பைப்பின் வளைவில் நுழையாது.

இனிப் பிளஸ், மைனஸ். ஒரு ஸ்பீக்கர் மாறிப் பூட்டுப்பட்டால் ஒன்றும் எரியாது, அதனாலதான் வருசக்கணக்கா யாரும் கண்டுபிடிக்கிறதில்லை. அடையாளம்: பேஸ் மெலியும், பாட்டுக்காரரின் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலையும். சோதனைக்கு ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றி, 1.5 வோல்ற் பற்றரியின் பிளஸை சிவப்பு வயரில், மைனஸைக் கறுப்பில் ஒரு கணம் தொடுங்க. பெரிய கோன் வெளியால தள்ளினால் சரி, உள்ளுக்கு இழுத்தால் எங்கயோ மாறியிருக்கு. ஐந்துக்கும் இதைச் செய்யுங்க. சப்புக்கு வேண்டாம், அதுக்குள்ளயே அம்ப் இருக்கு.

முனையை 10 மில்லிமீற்றர் மட்டும் சீவி, இழைகளை இறுக்கி முறுக்குங்க. ஒரு மயிரிழை பக்கத்து முனையைத் தொட்டாலே ரிசீவர் தன்னைக் காக்க அணைஞ்சுடும். 'ரிசீவர் பழுது' எண்டு கடைக்குத் தூக்கிப் போறதில் பாதி இதுதான். திருகில் இறுக்கிற முனைக்கு ஈயம் உருக்கி ஊற்றாதீங்க, ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசிந்து திருகு தளரும். வாழைப்பழப் பிளக் போட்டால் திருகு உள்ளுக்கு மூடியிருக்கிற வகை எடுங்க. உப்புக்காற்றில் திறந்த செம்பு பச்சை பிடிக்கும். பிடித்தால் சுரண்டி நேரத்தை வீணாக்காமல் ஓரங்குலம் வெட்டிப் புதுசாச் சீவுங்க.


பாண்டிருப்பு_கரை:

நன்றி அண்ணன்மாரே. செற்றி விசயம் வீட்டில கொஞ்சம் கஷ்டம்தான், பேசிப் பார்க்கிறன். இரண்டு சந்தேகம். 6 ஓமை 8 ஓம் ரிசீவரில் பூட்டலாமா? மற்றது, பழைய ஹோலில் சும்மா பூட்டிப் பார்த்தன். சப்பில 'ம்ம்ம்' எண்டு ஒரு இரைச்சல், டிஷ் டீக்கோடர் வயரைக் குத்தினாப் பிறகுதான் வருது. அதோட பின் ஸ்பீக்கர் இரண்டிலும் ஒரு சத்தமும் இல்லை.


மருதமுனை_சோல்டர்:

ஓம், 6 ஓம் பூட்டலாம். 😀 ரிசீவரின் பின்பக்கம் '6–16 ஓம்' எண்டு அச்சடித்திருந்தால் போதும். ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கரைப் பக்கம் பக்கமாக் கொழுவ வேண்டாம், 6ம் 6ம் சேர்ந்து 3 ஓமுக்கு இறங்கிடும்.

இரைச்சல்: டிஷ் வயரைக் கழற்றினால் நிற்குது எண்டால் எர்த் இரண்டு வழியால வருது. வீட்டு எர்த் ஒன்று, கூரையில் டிஷ் இரும்பு ஒன்று. நம்ம கரை மணல், கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் காய்ஞ்சு போகும், எர்த் கம்பியும் அப்ப பலவீனம். இரண்டுக்கும் வித்தியாசம் கூடும். முதலில் டிவி, டீக்கோடர், ரிசீவர், சப் நாலையும் ஒரே பிளக் பொயின்ற்றிலிருந்து எடுங்க. நிற்காட்டி டீக்கோடரிலிருந்து ரிசீவருக்கு ஒளிநார் வயர் போடுங்க, அதில செம்பு இல்லை, இரைச்சல் கடக்க வழியும் இல்லை. கேபிள் டிவிக்கு விக்கிற சாதாரணத் தடுப்பானை டிஷ் வயரில் போடாதீங்க. டிஷ் தலைக்கு அந்த வயராலதான் கரண்ட் போகுது, படமே வராது. எவர் சொன்னாலும் பிளக்கின் எர்த் ஊசியை மட்டும் கழற்ற வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது பிளக்கோட டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றுங்க.

பின் ஸ்பீக்கர் சத்தமில்லாதது பெரும்பாலும் வயர் இல்லை, செற்றிங். ரிசீவரின் சோதனை ஒலியை ஓட விடுங்க. அதில பின் ஸ்பீக்கர் பேசினால் வயர் சரி. பிறகு டிவியின் ஒலி வெளியீட்டைப் பாருங்க: 'பி.சி.எம்' எண்டு இருந்தால் பல டிவி இரண்டு சனலாத்தான் அனுப்பும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' ஆக்குங்க. யூடியூப்பில் அனேகமானது இரண்டு சனல்தான், அதுக்கு ரிசீவரில் சரவுண்ட் மோட் போட்டாத்தான் பின்னுக்கு ஏதும் கேட்கும்.

ரிசீவரில்: எல்லா ஸ்பீக்கரையும் 'சின்னது' எண்டு வையுங்க. பேஸ் சப்புக்குப் பிரியிற எல்லை முன்னுக்கும் சென்டருக்கும் 80 ஹேர்ட்ஸ், 3 அங்குலப் பின் ஸ்பீக்கருக்கு 120 அல்லது 150. சப்பில் உள்ள வடிகட்டித் திருகை முழுசாக் கூட்டிடுங்க, அந்த வேலையை ரிசீவர் செய்யட்டும். இரண்டும் வடிகட்டினால் 80ஐச் சுற்றிப் பள்ளம் விழும். தூரம்: முன் 12 அடி, சென்டர் 11, பின் 6. சத்தம் சமப்படுத்த ஃபோன் செயலி போதும், ஐந்தும் ஒரே எண் காட்டினால் சரி, எண் எவ்வளவெண்டது முக்கியமில்லை.

டைல்ஸ் போட்ட ஹோலில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்க, 'டிங்' எண்டு திரும்பினால் வசனம் விளங்காது. ஸ்பீக்கருக்கும் செற்றிக்கும் இடையில் தடித்த கார்ப்பெட், யன்னலுக்கு மடிப்பு விழுந்த தடித்த திரை. பன்பாய் விரிக்கிறது அழகுக்கு, ஒலியை அது குடிக்காது.


ஓமுக்கு_ஓம்:

ஒன்று விட்டுப் போச்சு. பைப் எல்லாம் புதைச்ச பிறகு, மேசன் பூச முதல், ஒவ்வொரு சுவருக்கும் அளவு நாடாவை நிலத்திலிருந்தும் மூலையிலிருந்தும் பிடித்து ஃபோட்டோ எடுத்து வையுங்க. நாளைக்கு ஸ்பீக்கர் பிராக்கெற் அடிக்க சுவரில் துளை போடும்போது, ட்ரில் நேராப் பைப்புக்குள்ள இறங்காமல் இருக்க அந்த ஃபோட்டோதான் வேணும். பைப் வாய்களைப் பொலித்தீனால இறுக்கிக் கட்டுங்க, சீமெந்து உள்ள இறங்கினால் நூல் இழுபடாது.