கென்டக்கியின் பயிற்சியாளர்களை எந்த அளவுகோலால் அளப்பது?

நீலச்சட்டை

அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியை ஜான் கலிபாரி 2009 முதல் 2024 வரை பதினைந்து பருவங்கள் நடத்தினார். 410 வெற்றிகளும் ஒரு தேசியப் பட்டமும் பெற்றார். நான்கு அணிகள் மட்டுமே எஞ்சும் ‘ஃபைனல் ஃபோர்’ கட்டத்தை நான்கு முறை எட்டினார். இருந்தும் அவர் அர்க்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பியபோது கென்டக்கி ரசிகர்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ‘முந்தையவர்களோடு ஒப்பிட்டால் அவர் தோற்றுப்போனவர்’ என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம். இந்த முடிவு நியாயமற்றது என்பதே என் வாதம்.

முந்தையவர்கள் யார் என்று பெயர் சொல்லிப் பார்ப்போம். ஜோ பி. ஹால் 1978-இலும், ரிக் பிடினோ 1996-இலும், டப்பி ஸ்மித் 1998-இலும் ஆளுக்கொரு பட்டம் வென்றார்கள். கலிபாரி 2012-இல் வென்றார். ஒன்றுக்கு மேல் வென்றவர் 1948, 1949, 1951, 1958 ஆகிய நான்கு பட்டங்களை எடுத்த அடால்ஃப் ரப் ஒருவரே. அந்த நான்குக்கும் அவருக்கு 1930 முதல் 1972 வரை நீண்ட காலம் கொடுக்கப்பட்டது. எனவே பட்டங்களை எண்ணினாலும் ரப்பைத் தவிர எவரும் கலிபாரியைவிட ஒரு படி மேலே நிற்கவில்லை.

மார்ச்வாசி

நண்பரே, பதினைந்து பருவங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பதில்தான் உங்கள் வாதம் நிற்கிறது. அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லும் நான்கு ஃபைனல் ஃபோரும் முதல் ஆறு பருவங்களுக்குள், அதாவது 2011, 2012, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. அடுத்த ஒன்பது பருவங்களில் ஒன்றுகூட இல்லை. 2019-இல் ஆபர்ன் அணியிடம் தோற்று ஃபைனல் ஃபோரின் வாசலில் நின்ற பிறகு, அவர் அங்கே இருந்த எஞ்சிய ஐந்து பருவங்களிலும் சேர்த்து, தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) தொடரில் கென்டக்கி வென்றது ஒரே ஒரு ஆட்டம், 2023-இல் பிராவிடன்ஸ் அணிக்கு எதிராக. 2022-இல் பதினைந்தாம் தரநிலையிலிருந்த (பதினாறுதான் கடைசி) செயின்ட் பீட்டர்ஸிடம் 85–79 என்றும், 2024-இல் பதினான்காம் தரநிலையிலிருந்த ஓக்லாந்திடம் 80–76 என்றும் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. 2019-இல் பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 8.6 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பயிற்சியாளர் காட்டிய விளைச்சல் இதுதான்.

சராசரிக்கு ஒரு குணம் உண்டு. தொடக்கத்தின் உச்சம், முடிவின் பள்ளத்தை அது நிரப்பிக் காட்டிவிடும்.

ஏட்டுக்கணக்கன்

இருவருமே பட்டங்களையும் ஃபைனல் ஃபோர்களையும் எல்லாக் காலத்துக்கும் ஒரே எடையுள்ளவை போல எண்ணுகிறீர்கள். 1948-இலும் 1949-இலும் என்.சி.ஏ.ஏ. தொடரில் மொத்தமே எட்டு அணிகள்தான் ஆடின. மூன்று ஆட்டங்களை வென்றால் பட்டம் கையில். 1951-இல் அது பதினாறு அணிகளாயிற்று. 1975-இல் 32, 1985-இல் 64 என வளர்ந்து, 2011-இல் 68-இல் வந்து நின்றது. இன்று கென்டக்கி போன்ற ஓர் அணி பட்டத்தைத் தொட ஆறு ஆட்டங்களைத் தொடர்ச்சியாக வென்றாக வேண்டும். ஓர் அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 80 விழுக்காடு வெற்றி வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். மூன்று ஆட்டங்களையும் வெல்லும் வாய்ப்பு 51 விழுக்காடு. ஆறையும் வெல்லும் வாய்ப்போ 26 விழுக்காடுதான். ரப்பின் முதல் இரண்டு பட்டங்களையும் 2012-இன் பட்டத்தையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

இதைச் சொல்வதால் ரப்பைக் குறைத்து மதிப்பிடுவதாக எண்ண வேண்டாம். 876 வெற்றிகளுக்கு 190 தோல்விகள் என்பது எக்காலத்திலும் மலைக்கவைக்கும் கணக்கு. 1953–54 பருவத்தில் அவருடைய அணி 25 ஆட்டங்களிலும் தோல்வியே காணவில்லை. ஆனால் முதன்மை வீரர்கள் மூவர் ஏற்கெனவே பட்டப்படிப்பை முடித்திருந்ததால் அவர்களுக்கு என்.சி.ஏ.ஏ. தொடரில் ஆடத் தகுதியில்லை என்றானபோது, கென்டக்கி அத்தொடரில் பங்கேற்கவே மறுத்துவிட்டது. பட்டங்களை மட்டும் எண்ணுபவரின் ஏட்டில் அந்தப் பருவத்துக்கு இடமே இல்லை.

மார்ச்வாசி

அறுபத்து நான்கு அணிகள் என்பது பிடினோவுக்கும் பொருந்தும்தானே? அவர் 1989-இல் ஏற்றுக்கொண்டது முந்தைய பருவத்தில் 13 வென்று 19 தோற்ற அணி. போதாக்குறைக்கு, முந்தைய பயிற்சியாளர் எடி சட்டன் காலத்து விதிமீறல்களுக்காக என்.சி.ஏ.ஏ. இரண்டு ஆண்டுகள் பருவ முடிவுத் தொடர்களில் ஆடவே தடை விதித்திருந்தது. தடை நீங்கிய ஆறு பருவங்களில் அவர் மூன்று முறை ஃபைனல் ஃபோர் சென்றார், ஒரு பட்டம் வென்றார், அடுத்த ஆண்டு அரிசோனாவிடம் கூடுதல் நேரத்தில்தான் இறுதியாட்டத்தை இழந்தார். மேலும் இருமுறை ஃபைனல் ஃபோருக்கு ஓர் ஆட்டம் முன்னால் நின்றார். அவற்றில் ஒன்று 1992-இல் டியூக் அணியின் கிறிஸ்டியன் லேட்னர் கடைசி நொடியில் போட்ட பந்தால் பறிபோனது. சிதைந்து கிடந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் என்றால் அது பிடினோதான்.

கலிபாரிக்கு வாய்த்த வீரர்களை எண்ணிப் பாருங்கள். தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ. ஆண்டுதோறும் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் முதலிடத்தில் எடுக்கப்பட்ட ஜான் வால், ஆன்டனி டேவிஸ், கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் மூவரும் அவருடைய மாணவர்கள். டெவின் புக்கரும் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரும் அவரிடம் ஆடியவர்களே. இத்தனை வளத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பட்டம் என்பதை எப்படிப் பெருமையாக ஏற்பது?

நீலச்சட்டை

நீங்களே எடுத்துக் கொடுத்த ஆறு பருவங்களை வைத்தே பேசலாம். தடை நீங்கிய பின் பிடினோ ஆறு பருவங்களில் மூன்று ஃபைனல் ஃபோர், ஒரு பட்டம். கலிபாரி தன் முதல் ஆறு பருவங்களில் நான்கு ஃபைனல் ஃபோர், ஒரு பட்டம். 2014–15-இல் அவருடைய அணி 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, விஸ்கான்சினிடம் அரையிறுதியில் 71–64 என்று ஒரே ஒரு முறை தோற்றது. பிடினோ 1997-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்குப் போய்விட்டார். அவர் தங்கியிருந்தால் அடுத்த ஒன்பது பருவங்கள் எப்படிப் போயிருக்கும் என்பதை எவரும் பார்க்கவில்லை. கலிபாரி 2015-இல் ஏதேனும் ஒரு என்.பி.ஏ. அணிக்குச் சென்றிருந்தால், இன்று அவரைப் பிடினோவுக்கு மேலே வைத்துப் பேசியிருப்பீர்கள். சரியான நேரத்தில் கிளம்பியதையும் பயிற்றுவிக்கும் திறமையில் சேர்த்துக்கொள்ளலாமா?

ரப்பையும் இதே முறையில் பிரித்துப் பாருங்கள். 1958 பட்டத்துக்குப் பிறகு அவர் மேலும் பதினான்கு பருவங்கள் நடத்தினார். அவற்றில் பட்டம் எதுவும் இல்லை. ஃபைனல் ஃபோர் ஒன்றே ஒன்று, 1966-இல். அந்த நீண்ட வறட்சிக்குப் பின்னும் 1976-இல் திறந்த அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். கலிபாரியின் கடைசி ஒன்பது பருவங்களைப் பார்க்கப் பூதக்கண்ணாடி எடுப்பவர்கள், ரப்பின் கடைசிப் பதினான்கு பருவங்களுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வது ஏன்?

பழைய தடுப்பாட்டக்காரன்

அந்த 1966-ஐ இவ்வளவு வேகமாகக் கடந்துபோக வேண்டாம். அந்த இறுதியாட்டத்தில் ரப்பின் முழு வெள்ளையர் அணியைத் தோற்கடித்தது, ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்க அணியாக இறக்கிய டெக்சஸ் வெஸ்டர்ன். கென்டக்கி ஆடும் தென்கிழக்கு மாநாட்டில் (வட்டாரப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பில்) அக்காலத்தில் நிறப் பாகுபாடு இறுகிக் கிடந்தது. ரப்பின் அணியில் முதல் கறுப்பின வீரராக டாம் பெய்ன் களமிறங்கியது 1970–71 பருவத்தில்தான், அதாவது ரப் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்னால். நாட்டின் ஆட்டக்காரர்களில் ஒரு பெரும் பகுதியினருக்குக் கதவு மூடியிருந்த காலத்தில் சேர்த்த வெற்றிகளை, அந்தக் கதவு திறந்த பிறகு சேர்த்த வெற்றிகளோடு வெறும் எண்ணிக்கையாக ஒப்பிடுவது எனக்கு உறுத்துகிறது. 1948, 1949 அணிகளின் நட்சத்திரங்களான அலெக்ஸ் க்ரோசாவும் ரால்ஃப் பியர்டும் சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு புள்ளி வித்தியாசத்தைக் குறைத்த விவகாரத்தில் 1951-இல் சிக்கினார்கள். பின்னர் 1952–53 பருவத்தில் கென்டக்கி ஆடவே முடியாமல் போயிற்று. பட்டங்கள் ஏட்டில் அப்படியே இருக்கின்றன, ஆனால் அளப்பவர் இதையும் அளக்க வேண்டும்.

இந்த விவாதத்தில் எவரும் சரியாக எடை போடாத மனிதர் ஜோ பி. ஹால். எழுபது வயதுக் கட்டாய ஓய்வால் மனமின்றி விலகிய ரப் என்ற பேருருவின் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பின வீரர்களைத் தயக்கமின்றிச் சேர்த்து, 1975-இல் இறுதியாட்டம் வரை சென்று, 1978-இல் இருபதாண்டுப் பஞ்சத்தை முடித்துவைத்தார். அந்த இறுதியாட்டத்தில் டியூக்குக்கு எதிராக 41 புள்ளிகள் எடுத்த ஜாக் கிவன்ஸ் லெக்சிங்டன் நகரிலேயே வளர்ந்த கறுப்பின இளைஞர். ஹாலின் வெற்றி விகிதம் 75 விழுக்காட்டை ஒட்டியது. ரப்பின் 82-க்கு அருகில் வைத்தால் அது சிறியதாகத் தெரியலாம். அவர் செய்த வேலை சிறியதல்ல.

ஏட்டுக்கணக்கன்

ஹாலைப் பற்றிச் சொன்னது டப்பி ஸ்மித்துக்கும் பொருந்தும், எதிர்த்திசையில். 1998-இல் தன் முதல் பருவத்திலேயே பட்டம் வென்றார். அது பிடினோ சேர்த்த வீரர்களால் வந்தது என்று சொல்லி, அதன் மதிப்பைப் பாதியாக்கினார்கள். டியூக்குக்கு எதிராக 17 புள்ளிகள் பின்தங்கியிருந்த அணியை மீட்டு ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோனவர் யார் என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. 2003-இல் மாநாட்டு ஆட்டங்கள் பதினாறையும் வென்றார். 1999, 2003, 2005 என மூன்று முறை ஃபைனல் ஃபோருக்கு ஓர் ஆட்டம் முன்னால் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று கைகூடியிருந்தால் 2007-இல் அவர் மினசோட்டாவுக்குப் போயிருப்பாரா என்பதே ஐயம். அவர் இடத்துக்கு வந்த பில்லி கில்லிஸ்பியின் இரண்டு பருவங்கள் 40 வெற்றி, 27 தோல்வி என்று முடிந்தன. ஒரு பயிற்சியாளரின் மதிப்பு சில வேளைகளில் அவருக்குப் பின் வந்தவரால்தான் தெரிகிறது.

நீலச்சட்டை

அதைத்தான் நானும் சொல்கிறேன். கில்லிஸ்பி விட்டுச்சென்ற அணி என்.சி.ஏ.ஏ. தொடருக்கே தகுதி பெறாதது. கலிபாரி வந்த முதல் பருவத்திலேயே அது 35 வென்று 3 தோற்றது. உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.-வுக்குச் செல்ல முடியாதபடி 2006 முதல் வயது விதி நடைமுறைக்கு வந்திருந்தது. ஓராண்டு மட்டுமே தங்கப்போகும் முதலாண்டு மாணவர்களைக் கொண்டே பட்டம் வெல்ல முடியும் என்று 2012-இல் மெய்ப்பித்தவர் அவர். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புதிதாக ஓர் அணியைத் தைத்தெடுக்க வேண்டிய நிலை ரப்புக்கோ ஹாலுக்கோ இருந்ததில்லை. ஒன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். யு.சி.எல்.ஏ.-வில் ஜான் வுடன் தம் முதல் பட்டத்தை வென்றது பதினாறாம் பருவத்தில். பத்துப் பட்டங்கள் பெற்ற அவரைப் பதினைந்தாம் பருவத்தோடு அளந்திருந்தால் தீர்ப்பு என்னவாகியிருக்கும்?

மார்ச்வாசி

வுடன் எடுத்துக்காட்டு உங்களுக்கு உதவாது. அவர் அணி ஏறிக்கொண்டிருந்தது. 1962-இல் முதன்முறையாக ஃபைனல் ஃபோரைத் தொட்டு, இரண்டே ஆண்டுகளில் பட்டத்தை எடுத்தது. கலிபாரியின் அணி இறங்கிக்கொண்டிருந்தது. 2020–21-இல் 9 வென்று 16 தோற்றது. பெருந்தொற்றுக் காலம் என்ற சலுகையைக் கொடுத்த பிறகும் அதை மறக்க முடியாது. தொற்றால் தொடரே நடக்காத 2020-ஐ நான் அவர் தலையில் கட்டவில்லை. ஆனால் 2021 கோடையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரால் பணம் ஈட்டலாம் என்றாகி, வேறு கல்லூரிக்கு மாறுவதும் எளிதானபோது, மற்ற பயிற்சியாளர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது ஆட்டக்காரர்களைத் திரட்டினார்கள். கலிபாரியோ பதினெட்டு வயதினரையே பெரிதும் நம்பினார். ஓக்லாந்து ஆட்டத்தில் நமக்கு எதிராகப் பத்து மூன்று-புள்ளிப் பந்துகளைப் போட்ட ஜாக் கோல்கி ஏற்கெனவே பட்டப்படிப்பை முடித்து, வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர். ஒரு காலத்து வழிமுறையைக் கண்டுபிடித்தவர் என்பதற்காக, அது காலாவதியான பிறகும் அவருக்கு மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. ரப்பின் கடைசிப் பதினான்கு பருவங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவரிடமும் இதே குறையைத்தான் காண்கிறேன். ஆட்டம் மாறியது, அவர் மாறத் தாமதித்தார்.

நீலச்சட்டை

அப்படியானால் 2025 மார்ச்சையும் கணக்கில் எடுங்கள். அதே கலிபாரி பத்தாம் தரநிலையிலிருந்த அர்க்கன்சாவைக் கொண்டு கான்சஸையும், நீங்கள் போற்றும் பிடினோ அப்போது பயிற்றுவித்த செயின்ட் ஜான்ஸையும் அடுத்தடுத்து வீழ்த்திப் பதினாறு அணிகளின் சுற்றுக்குச் சென்றார். பிப்ரவரியில் ரப் அரங்கத்துக்கே வந்து கென்டக்கியை 89–79 என்று வென்றார். காலாவதியானவர் செய்யும் காரியமா இது? இனி, கலிபாரிக்குப் பின் கென்டக்கியில் பொறுப்பேற்ற மார்க் போப்பை எந்தப் பருவத்திலிருந்து அளக்கத் தொடங்குவீர்கள் என்றும் சொல்லிவிடுங்கள். பிடினோவுக்குத் தடைக்காலத்தைக் கழித்துக் கொடுத்தீர்கள். போப்புக்கு எதைக் கழிப்பீர்கள்?

மார்ச்வாசி

எதையும் கழிக்க மாட்டேன். 1996 பட்ட அணியின் தலைவர்களில் ஒருவராக இருந்தவர் என்பதற்காகக் கூடுதலாக எதையும் சேர்க்கவும் மாட்டேன். முன்பெல்லாம் ஒரு பயிற்சியாளர் தாமே தேர்ந்த வீரர்களைக் கொண்டு ஆட மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், அதனால் பொறுத்திருந்தோம். போப் 2024-இல் வந்தபோது பழைய அணியே எஞ்சவில்லை, ஒரே கோடையில் முழு அணியையும் தாமே திரட்டினார். எனவே அவருக்கு முதல் நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. 2024–25-இல் அவரும் அதே பதினாறு அணிகளின் சுற்றை எட்டினார். அது வரவில் இருக்கிறது. பருவத்தில் இருமுறை வென்ற டென்னசியிடம் அங்கே 78–65 என்று தோற்றது பற்றில் இருக்கிறது. கலிபாரியின் அர்க்கன்சா வெற்றிகளை அர்க்கன்சாவின் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கென்டக்கியில் அவருடைய ஏடு ஓக்லாந்து ஆட்டத்தோடு மூடப்பட்டுவிட்டது.

பழைய தடுப்பாட்டக்காரன்

மூடப்பட்ட ஏட்டில் 2012-உம் இருக்கிறது, ஐயா. 1998-க்குப் பின் பதினான்கு ஆண்டுகளாகக் கென்டக்கிக்கு எவரும் எட்டித் தராதிருந்த பட்டம் அது.