ஏரிச் சேற்றில் சுண்ணாம்பு போட்டால் மீத்தேன் அடங்குமா?

பாலாற்றுப்பையன்:
ஆம்பூர் பக்கம் எங்கள் ஏரியைத் தூர் வாரி, சேற்றைக் கரையில் ஆள் உயரம் குவித்திருக்கிறார்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கிறது. குச்சியை முழங்கை ஆழம் ஊன்றினால் கருப்புச் சகதி, புளுக் புளுக்கென்று குமிழி, அழுகிய முட்டை நாற்றம். அந்தக் குமிழி, காற்றுப் புகாத சேற்றில் ஆகாயத்தாமரை மட்கும்போது வரும் மீத்தேன்; நாற்றம், கூடவே வரும் ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு பிஎச், அதாவது அமில-கார அளவு, 6.5 முதல் 8 வரைதான் ஒத்துக்கொள்ளும். நீற்றுச் சுண்ணாம்பைத் தாராளமாகக் கலந்தால் 12 வரை ஏறும், முடங்கிவிடும். பஞ்சாயத்தில் கேட்கப் போகிறேன்.

காளவாய்வீட்டார்:
தம்பி, சுண்ணாம்பு மரத்திலா காய்க்கிறது? எங்கள் தாத்தா காளவாய் போட்டவர். ஒரு டன் சுட்ட சுண்ணாம்பு எடுக்க, கல்லிலிருந்தே 785 கிலோ கரியமில வாயு போகும். விறகும் கரியும் தனி. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்று வைத்தாலும், டன்னுக்கு 28 கிலோ மீத்தேனைத் தடுத்தால்தான் கல்லின் கணக்கே நேராகும்.

பாலாற்றுப்பையன்:
போனது திரும்ப வருகிறதே ஐயா! சுவரில் அடித்த சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுத்துத்தானே இறுகுகிறது? சேற்றிலும் அப்படித்தான். எரிபொருள் மட்டும்தான் நஷ்டம். அதுவும் வேண்டாமென்றால், வெல்டிங் பட்டறையில் கார்பைடு கரைத்து மிஞ்சும் வெள்ளைக் கூழ் இருக்கிறது. புதிதாக எதையும் சுட வேண்டாம்.

காளவாய்வீட்டார்:
சரி, அது நியாயம். ஆனால் இறுகிக் கல்லானால் பிஎச் இறங்கி 8 பக்கம் வந்துவிடும். அப்புறம் உன் நுண்ணுயிர்கள் பழைய வீட்டுக்கே குடிவரும். வருஷா வருஷம் கொட்டுவாயா?

குத்தகைமீன்:
கரைச் சேற்றோடு நிறுத்துங்கள், தண்ணீரில் கொட்டாதீர்கள். என் சித்தப்பா குத்தகை எடுத்த ஏரியில், யாரோ சொன்னார்கள் என்று ஒரே நாளில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார். காரம் ஏறினால் சேற்றிலிருக்கும் அமோனியம் விஷ அமோனியாவாக மாறும் என்று அப்போது தெரியாது. விடிந்து பார்த்தால் கெண்டை எல்லாம் வயிறு தெரிய மிதந்தன. அளவாகப் போட்டால் மீன்குட்டைக்கு நல்லதுதான், அதை மறுக்கவில்லை.

தோல்ஷாப்புத்தெரு:
எல்லோரும் வாயுவையே பேசுகிறீர்கள். நம் பாலாற்றுப் பக்கத்து ஏரிச் சேற்றில் குரோமியம் இருக்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா? தோல் கழிவில் இருப்பது பெரும்பாலும் எளிதில் கரையாத வகை. காற்றும் மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்தால் அதில் கொஞ்சம், கரைந்து ஓடும் நச்சு வகையாக மாறலாம். காரம் ஏறிய மண்ணில் அந்த வகை ஒட்டி நிற்காது, கிணற்றுக்குப் போய்விடும். கேடு உறுதியாகும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் பேசியதே நம் வேலூர் தோல் கழிவு வழக்கில்தான். நாமே மறந்தால் எப்படி?

காளவாய்வீட்டார்:
அதனால்தான் சொல்கிறேன், வண்டலை வயலுக்கு அனுப்புங்கள். மெல்லியதாகப் பரப்பினால் காற்றுப் படும், மீத்தேன் தானே நிற்கும்.

தோல்ஷாப்புத்தெரு:
குரோமியம் கலந்திருந்தால் அதுவும் வயலுக்குத்தானே போகும், அண்ணே?

பாலாற்றுப்பையன்:
ஒத்துக்கொள்கிறேன். பஞ்சாயத்து மனு அப்புறம். நாளைக்குக் குவியலில் நாலு இடத்தில் சேறு அள்ளிப் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். மேல்மண் போதுமா, அடிச்சகதியும் வேண்டுமா?

தோல்ஷாப்புத்தெரு:
இரண்டும். தனித்தனி டப்பாவில்.