வீட்டுப் பூனைக்கு அடுத்த தவணை ஊசி: உங்கள் அனுபவம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூனைக்கு 6 வயது. வாசலைத் தாண்டியதே இல்லை. போன முறை தடுப்பூசி போட்ட பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவே கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி வந்தது. மூன்று வாரத்தில் தானாகவே கரைந்துவிட்டது. ஆனால் அந்த நாட்களில் தினமும் பத்து முறை தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது அடுத்த தவணை வந்துவிட்டது, மனசு பதறுகிறது.

ஊசி போட்ட இடத்தில் புற்றுக்கட்டி வருவது பல ஆயிரம் பூனைகளில் ஒன்றுக்குத்தான். கட்டி 3 மாதத்துக்கு மேல் இருந்தாலோ, 2 செ.மீ.க்கு மேல் போனாலோ, ஒரு மாதம் கழித்தும் வளர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் தெரியும். மறுபக்கம், பான்லூகோபீனியா (பூனையின் உயிரையே பறிக்கக்கூடிய தொற்றுநோய்) கிருமி நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடும். பல மாதங்கள் சாகாமலும் இருக்கும். ரேபிஸுக்கோ, அறிகுறி தெரிந்த பிறகு மருந்தே கிடையாது. அதனால் ரேபிஸ் ஊசியைத் தள்ளிப்போடும் எண்ணமே எனக்கு இல்லை.

என் குழப்பம் மற்றவற்றில்தான். வளர்ந்த பூனைக்குப் பான்லூகோபீனியா ஊசியை 3 ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிறார்கள். உங்கள் மருத்துவர் அதற்குச் சம்மதித்தாரா? முதுகுக்குப் பதில் காலின் கீழ்ப்பகுதியிலோ வாலிலோ போடச் சொல்லிக் கேட்டவர்கள் இருக்கிறீர்களா? பூனை எப்படித் தாங்கியது? அப்புறம், வேறு பூனையோடு பழகாத பூனைக்கு லுகேமியா (பூனையிடமிருந்து பூனைக்குப் பரவும் வைரஸ் நோய்) ஊசி போட்டீர்களா, விட்டீர்களா? முன்பு கட்டி வந்த பூனை வளர்ப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.